யாம் ஒலி பதியப் புகுந்த கதை

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்திலே, விடுதியின் மேல்மாடிக் கோடியறையில் வசிக்கும் யாம் மூவரும் வானொலிக்கு ஓர் இசை நிகழ்ச்சி தயாரிப்பதெனத் துணிந்தோம். இத்துணிவு எமக்குத் தானே தோன்றியதன்று. அண்மையிலுள்ள நகரத்துச் சமுதாய வானொலி நிலையம் ஒன்று, கல்லூரி மாணாக்கர் தாமே பதிந்து கொணரும் நிகழ்ச்சிகளுக்கு ஞாயிறு மாலைதோறும் அரைமணி நேரம் ஒதுக்குவதாக அறிவித்திருந்தது. ஆறு வாரம், வாரத்திற்கு அரைமணி; ஊதியம் இல்லை; ஒலி தெளிவாயிருத்தல் வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அந்நிபந்தனையின் பாரம் இன்னதென்று அன்று யாம் அறிந்திலேம்.

வானொலி என்றதும் பெரிய மாளிகையும், வாயிலிலே சிவப்பு விளக்கும், ஓசையின்றி நடமாடும் உத்தியோகஸ்தரும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் தமிழ்நாட்டில் வானொலி பிறந்தது அவ்வாறன்று. 1924-ஆம் ஆண்டிலே சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியவர் அரசாங்கத்தார் அல்லர். ஆர்வலர் சிலர் கூடி அமைத்த 'மதராஸ் பிரெசிடென்ஸி ரேடியோ கிளப்' என்னும் சங்கத்தாரே. பணமுடையால் 1927-இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்ற சென்னை நகரசபையார் 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தனர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது 1938 ஜூன் 16-ஆம் நாளிலேதான். கல்வி நிலையங்கள் தாமே வானொலி நடத்தும் உரிமை வந்தபின், 2004-இல் இந்தியாவிலேயே முதலாவதாக அத்தகைய நிலையம் தொடங்கியதும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலேயாம். ஆகவே வீட்டிலும் விடுதியிலும் செய்த ஒலியை வானில் ஏற்றுதல் நம்மவர்க்குப் புதிதன்று என்று கூறி, எம்மை யாமே தட்டிக்கொடுத்துக் கொண்டோம்.

நிற்க. இசை நிகழ்ச்சிக்கு முதலில் வேண்டுவது இசையன்றோ? யாமோ கருவியைப் பற்றியே முதலிற் பேசினோம். இரண்டு வாரம் வேறொன்றும் பேசினோமில்லை. மூவரும் திரட்டிய பொருள் 14,000 ரூபாய். கோடை விடுமுறையில் துணிக்கடையில் நின்று ஈட்டியது ஒருவனுடையது. மாலைதோறும் சிறுவர்க்குக் கணக்குக் கற்பித்து ஈட்டியது மற்றொருவனுடையது. மூன்றாமவன் தன் கித்தாரை விற்று 5,000 ரூபாய் கொணர்ந்தான். நிகழ்ச்சியில் கித்தார் வாசிப்பதாக ஏற்றுக்கொண்டிருந்தவனும் அவனே. இசைக்கருவியை விற்று, இசையைப் பதியும் கருவி வாங்கப் புறப்பட்ட எம் அறிவை இப்பொழுது எண்ணுங்கால் நகையும் வருகின்றது, நாணமும் வருகின்றது. "யாரிடமாவது இரவல் வாங்கி வாசிக்கிறேன்" என்றான், யாமும் நம்பினோம்.

ஒலிவாங்கிகளில் எமக்கு வேண்டிய அளவில் இருவகை உண்டு. ஒன்று டைனமிக் எனப்படுவது. அதனுள்ளே மெல்லிய சவ்வொன்றும், சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருளும், சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தமும் உள. குரல் சவ்வை அசைக்க, சுருள் காந்தப்புலத்தில் அசைய, மின்சாரம் பிறக்கின்றது. வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டுதல் அதற்கு வேண்டுவதில்லை. கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கச்சேரி மேடைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் உருண்டைக் கம்பிவலைத் தலையோடு காணப்படுவது இதுவே. ஷூர் கம்பெனியார் 1966-இல் வெளியிட்ட எஸ்.எம். 58 இவ்வகையினது, சிறுபிள்ளையிடம் ஒலிவாங்கியின் படம் எழுதச் சொன்னால் அதனையே எழுதும். மற்றொன்று கண்டென்சர். அமெரிக்க நாட்டு வென்டி என்பார் 1916-இல் அமைத்தது. மின்னேற்றிய தகடொன்றின் எதிரே, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய சவ்வொன்று நிற்கும். சவ்வு அசையுந்தோறும் இரண்டின் இடைவெளியும் மாறி, அம்மாற்றமே ஒலியின் வடிவத்தைத் தரும். மெல்லியதாதலால் நுண்ணிய ஓசையையும் இது விடாது பற்றும். ஆனால் இதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் வெளியிலிருந்து ஊட்டல் வேண்டும். அவ்வாறு ஊட்டுதற்கும், வந்த ஒலியை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்புதற்கும் இடையே 'ஆடியோ இண்டர்ஃபேஸ்' என்னும் பெட்டியொன்று வேண்டும்.

கண்டென்சரையே வாங்குவது என்று முடிவு செய்தோம். காரணம் யாதெனின், புகைப்படங்களிலே திரைப்படப் பாடகர்கள் அத்தகையதன் முன்னேதான் நிற்கின்றார்கள். வேறு காரணம் இருந்ததாக இதுகாறும் பிறரிடம் சொல்லி வந்தோம், இல்லை.

சென்னை ரிச்சி தெருவிலே ஒருநாள் முழுதும் வெயிலில் அலைந்தோம். ஒரு கடையிலே, நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளந்தெடுக்கும் பெட்டியொன்றைக் காட்டி, இதனைவிடக் குறைந்ததை வாங்குதல் பணத்தை வீணாக்குவதாகும் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். எம்முள் கணக்குப் பயில்வோன் அங்கேயே நின்று விரல்விட்டுக் கணக்கிட்டான். ஒலியின் மிகவுயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளந்தால் அவ்வொலியைப் பழுதின்றி மீட்கலாம் என்பது கணிதம் கண்ட உண்மை. மனிதர் செவிக்கு எட்டுவது நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையே. ஆதலால் குறுந்தட்டுக்கு 44,100 போதுமென்று வைத்தனர். பண்பலை வானொலியோ 15,000-க்கு மேற்பட்டதைக் கடத்துவதில்லை. எம் நிகழ்ச்சி செல்லும் வழியே குறுகியதாயின், பெருந்தேரை வாங்கி என் செய்வது? நொடிக்கு 48,000 அளவிடும் சிறிய பெட்டியே போதுமென்று வாங்கினோம். அன்று யாம் செய்த அறிவுடைச் செயல் இஃதொன்றே.

ஒலிவாங்கி, பெட்டி, தாங்கி, கம்பி, வாயின் முன் வைக்கும் வட்டத்திரை எல்லாம் சேர்ந்து 13,200 ரூபாய் ஆயின. மீதி 800. ரயிலில் திரும்பி வருங்கால்தான், பதிந்ததைக் கேட்பதற்குக் காதை முழுதும் மூடும் ஹெட்போன் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கைப்பேசியோடு வந்த சிறு குமிழ்களைக் காதில் செருகிக்கொண்டால் ஆயிற்று என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். பதிவுக்குப் புகும் இளைஞர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், ஒன்று சொல்வோம்: முதலில் ஹெட்போனை வாங்குக, மிஞ்சிய பணத்தில் மற்றவற்றை வாங்குக. தன் பதிவில் என்ன இருக்கின்றதென்று கேட்க இயலாதவன் எத்தகைய ஒலிவாங்கியை வைத்திருந்தால் என்ன?

முதல் நிகழ்ச்சியைப் பதிந்தோம். இரவல் கித்தார் வந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாய்க் கிடைத்துவரும் ஆடாசிட்டி என்னும் மென்பொருளில் வெட்டியும் ஒட்டியும் அரைமணி ஆக்கி, நிலையத்திற் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. உடன் ஒரு துண்டுச் சீட்டு: "மின்விசிறியின் கச்சேரி நன்று. உடன் பாடியவர் யார்?"

சினங்கொண்டு நிலையத்திற்குச் சென்றோம். அங்கிருந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து எம் தலையில் மாட்டினார். கேட்டோம். மின்விசிறி சுழலும் ஓசை, குழல்விளக்கின் ரீங்காரம், காகம், கீழே சமையற்கட்டில் குக்கர் மூன்றுமுறை கூவியது, இவற்றிற்கெல்லாம் அப்பால், கிணற்றடியிலிருந்து பாடுவார் போல எம் தோழன். அந்த ஒலிவாங்கி பொய் சொல்லவில்லை. எம் அறை எத்தகையதோ அத்தகையதையே சொல்லியது.

இதற்குக் கண்டென்சரையே பழித்தல் நேர்மையன்று. ஒரே தூரத்தில் ஒரே முகமாக வைத்தால், எவ்வகை ஒலிவாங்கியாயினும் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பெரிதும் மாறுவதில்லை. டைனமிக்கை வாயருகே பிடித்துப் பாடுவது வழக்கமாதலால் அது இரைச்சலை விலக்குவது போலத் தோன்றுகின்றது. யாமோ புகைப்படத்திற்கு அழகாக இருக்கட்டுமென்று எம்முடையதை மூன்றடி தள்ளி நிறுத்தியிருந்தோம். தூரம் இருமடங்கானால் நேரே வந்து சேரும் குரலின் வலிமை நான்கிலொன்றாகக் குறையும். சுவர்களில் மோதி அறையெங்கும் நிரம்பிய எதிரொலியோ எங்கு வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவினது. ஆகவே ஒரு சாண் தூரத்திற்கு ஒலிவாங்கியைக் கொணர்ந்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். மூன்று கட்டில்களின் மெத்தைகளையும் சுவரோடு நிமிர்த்தி, சன்னலில் ஜமக்காளம் தொங்கவிட்டோம். நடுவில் நின்று கைதட்டிப் பார்ப்போம். தட்டிய ஓசை உடனே அடங்கினால் அறை தக்கது, வாலாட்டினால் இன்னொரு போர்வை வேண்டும். ஆனி மாதத்து வெக்கையில், சட்டையைக் களைந்துவிட்டு, அம்மெத்தைக் குகைக்குள் யாம் பட்ட பாட்டை இங்கே விரிக்கவில்லை. இரண்டாம் நிகழ்ச்சி ஏற்கப்பட்டது. மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே சென்றன.

நள்ளிரவில் யாம் கைதட்டிய ஓசையே எமக்கு ஐந்தாவது நிகழ்ச்சியைத் தேடித் தந்தது என்னலாம். விடுதியின் இரவுக் காவலர் ஒருநாள் மாடியேறி வந்தார். எழுபத்தைந்தைக் கடந்த முதியவர். மாணாக்கர் அனைவருக்கும் அவர் தாத்தா.

"தம்பி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கை தட்டுறீங்களே, யாருக்குத் தட்டுறீங்க?"

விவரம் கூறினோம். உள்ளே எட்டிப் பார்த்தார். மெத்தைகளைக் கண்டு சிரித்தார். பிறகு, வாயிற்படியில் அமர்ந்து, பேச்சுவாக்கில், "ஏற்றப்பாட்டு ரேடியோவிலே போடுவாங்களா?" என்றார்.

பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அவர். 1960-களில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவனாய் இருந்தபொழுதே ஏற்றச்சால் பிடித்தவர். ஏற்றம் என்பதை இன்று படத்திற் கண்டவரே மிகுதி. கிணற்றருகே நட்ட தூண்மீது நீண்ட மரமொன்று குறுக்கே கிடக்கும்; அதன்மீது ஒருவர் முன்னும் பின்னுமாய் நடந்து மிதிக்க, மரத்தின் ஒருமுனை தாழ்ந்தும் உயர்ந்தும் சாலைக் கிணற்றுள் இறக்கி ஏற்றும்; கீழே நிற்பவர் அச்சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தோமென்று கணக்கு வேண்டுமல்லவா? அக்கணக்கையே பாட்டாக்கினர். ஒவ்வொரு சாலுக்கும் ஓரடி, அடியினுள்ளே எண். இவருடைய தமையனார் மேலே மிதிப்பார். இவர் கீழே சால் பிடிப்பார். ஒற்றைப்படை எண் தம்பிக்கு, இரட்டைப்படை தமையனுக்கு. பின்னர் மின்மோட்டார் வந்தது, ஏற்றமரம் விறகாயிற்று. தமையனார் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. நூறு சாலுக்கும் உரிய அடிகள் தமக்கு மனப்பாடம் என்றும், இரட்டைப்படையையும் தாமே பாடிவிடுவதாகவும் முதியவர் கூறினார்.

அன்றிரவே அவரை மெத்தைக் குகையினுள் அமர்த்தினோம். வட்டத்திரையை வைத்து, ஒலிவாங்கியை ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, விளக்கையும் அணைத்தோம். நான்கு சால் பாடினார், நின்றார். மறுபடி தொடங்கினார்; ஆறாம் சாலில் எண் தவறியது. குரலோ, தொலைபேசியில் தன் முகவரியைச் சொல்வார் குரல் போல உயிரற்றிருந்தது. மூன்றாம் முறை எழுந்துவிட்டார்.

"பாட்டு வாயிலே இல்லை தம்பி, கையிலே இருக்குது. கயிறு இல்லாமே எப்படி வரும்?"

மிக்க நாணமுற்றோம். பாடுவாரைக் கருவியிடம் இழுத்து வருவது பதிவுக்கலையின் பழைய வழக்கந்தான். 1902-இல் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் அம்மையார் கிராமபோனுக்குப் பாடியபொழுது, ஒலிவாங்கி என்பதே பதிவுக்கு வரவில்லை. பெருங்குழலின் வாய்க்குள்ளே உரக்கப் பாடி, மூன்று நிமிஷத்திற்குள் முடித்தல் வேண்டியிருந்தது. மின்சார முறைப் பதிவு வந்தது 1925-இல். கருவி பேசியபடி கலைஞர் ஆடிய காலம் அது. வேறு வழியும் இல்லை. ஆயினும் 1933-இலேயே, ஜான் லோமாக்ஸ் என்பாரும் அவர் மைந்தர் ஆலன் லோமாக்ஸும், ஏறக்குறைய 300 பவுண்டு நிறையுள்ள தட்டுப்பதிவுக் கருவியைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு, அமெரிக்கத் தென்மாநிலச் சிறைச்சாலைகளுக்குச் சென்று, கைதிகளின் வேலைப்பாடல்களைக் காங்கிரஸ் நூலகத்திற்காகப் பதிந்தார்கள். அவர் 300 பவுண்டைச் சுமந்து சென்றார். எமக்கோ மாடியிலிருந்து இறங்க மனமில்லை.

கருவி எது என்னும் வினாவுக்கு, பாட்டு எங்கே இருக்கின்றது என்று முதலில் விடை காணல் வேண்டும் என்பது அன்றுதான் எமக்கு விளங்கியது. எங்கள் பாட்டு கயிற்றில் இருந்தது. கயிறு கிணற்றில் இருந்தது. விடுதிச் சமையற்கட்டின் பின்னே, மோட்டார் வைத்தபின் எவரும் தீண்டாத பழைய கிணறொன்றும், அதன்மேல் துருவேறிய கப்பியொன்றும் உண்டு. அங்கே மின்சாரச் செருகி இல்லை. கணினியையும் பெட்டியையும் கொண்டு போய்ப் பரப்ப இடமும் இல்லை.

மறுநாளே ஒலிவாங்கியையும் பெட்டியையும் விற்றோம். வாங்கி இரண்டு மாதம் ஆகாத பொருளுக்குப் பாதிவிலைக்கும் குறைவாக 6,000 ரூபாய்தான் கிடைத்தது. அத்தொகையோடு கைம்மீதி 800-ஐயும் சேர்த்து, திருமண வீடியோ எடுப்பவர் ஒருவரிடம் கைப்பதிவுக் கருவியொன்றை 5,200-க்கு வாங்கினோம். 1,400-க்குக் காதை மூடும் ஹெட்போன் ஒன்றும் வாங்கினோம். மிஞ்சியது 200. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியின் தலையிலே இரண்டு சிறு கண்டென்சர் ஒலிவாங்கிகள் செங்கோணமாய்க் குறுக்கிட்டு நிற்கும். கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். ஒலி ஒரு மெமரி கார்டில் பதியும். ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக எழுதுவதாதலால், ஒலியைத் தாழ்த்திப் பதிந்தாலும் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். உச்சத்தைத் தாண்டி ஒலி சிதைந்ததாயின் எவராலும் மீட்க இயலாது. ஆகவே உச்சிக்கு 12 டெசிபெல் கீழேயே குரலை நிறுத்துவது என்று கொண்டோம். அரைமணிப் பதிவுக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் இடம் வேண்டும்; கார்டில் அதனிலும் பன்மடங்கு இருந்தது. எல்லாம் கணக்கிட்டோம், ஒன்றைத் தவிர.

காற்று ஓர் இடையூறு. திறந்தவெளியிலே மெல்லிய காற்றும் ஒலிவாங்கியில் இடிபோல் முழங்கும். கருவியோடு வந்த பஞ்சுத் தொப்பி அதற்குப் போதவில்லை. நீண்ட மயிருள்ள உறை வேண்டும் என்றனர். கடையுறைக்குப் பணமில்லை. எம்முள் இளையவன் தன் தங்கையின் பழைய பொம்மைக் கரடியொன்றை ஊரிலிருந்து கொணர்ந்தான். அதன் தோலை உரித்து உறை தைத்தோம். கரடிக்கு யாம் செய்த கொடுமை வீண்போகவில்லை; காற்று அடங்கியது.

கப்பி மற்றோர் இடையூறு என்று கருதினோம். கயிற்றை இழுக்குந்தோறும் அது கிறீச்சென்று அலறியது. எம்முள் ஒருவன் எண்ணெய்க் குப்பியோடு ஏறினான். முதியவர் தடுத்தார். "அதுதான் எனக்குத் தாளம். அதை ஊமையாக்கிட்டா நான் எதைக் கேட்டுப் பாடுவேன்?" எமக்குள்ளே வழக்கு மூண்டது. நிலையத்தார் இதனை இரைச்சல் என்று திருப்பி அனுப்பினால் என்செய்வது? ஆனால் எது இசை, எது இரைச்சல் என்று வானொலி நிலையங்கள் விதித்தவை யாவும் நிலைத்தனவோ? அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது. 1971-இல்தான் மீண்டும் உள்ளே விட்டது. முப்பத்தோராண்டு வெளியே நின்ற ஆர்மோனியத்தை எண்ணி, கப்பியை அதன்போக்கில் விட்டோம்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணி. காகங்கள் எழுமுன் முடிப்பது என்பது ஏற்பாடு. கருவியைக் கையிற் பிடித்தால் விரல் அசைவும் பதியுமாதலால், ஒரு முக்காலியில் துணி மடித்துப் போட்டு அதன்மேல் கட்டி, முதியவருக்கு இரண்டு முழத் தூரத்தில், தோளுயரத்தில் வைத்தோம். ஹெட்போனை மாறி மாறி மாட்டிக்கொண்டோம். முதியவர் தலைப்பாகையை இறுக்கினார். வாளியை உள்ளே விட்டார்.

அந்தக் குரலை எவ்வாறு கூறுவது! அறையில் முகவரி சொன்ன அதே குரல்தான். கயிறு கைக்கு வந்ததும் மூச்சு அடிவயிற்றிலிருந்து எழுந்தது. இழுக்கும்பொழுது அடி நீளும். வாளி விளிம்புக்கு வந்ததும் எண் விழும். நீர் கவிழும் ஓசையில் அவ்வடி முடியும். பத்து, இருபது என்று பத்துதோறும் குரல் ஒரு படி உயர்ந்து இறங்கும். ஒற்றைப்படைக்கு ஒரு குரல். இரட்டைப்படைக்கு, சற்றே தடித்த, மேலிருந்து வருவது போன்ற வேறொரு குரல். அது தமையனார் குரலென்று எமக்கு எவரும் கூறவேண்டியிருக்கவில்லை. கிணற்றின் உட்சுவர் ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை திருப்பிச் சொல்லியது. அம்பதாம் சாலுக்கு முதியவர் மார்பெங்கும் வியர்வை. இளைப்பாறும்படி வேண்டினோம், தலையை அசைத்துவிட்டார்.

எழுபத்திரண்டாம் சால் கவிழ்ந்தது. ஹெட்போனில் நிசப்தம். கருவியின் கண்ணாடியில் எழுத்தெல்லாம் அவிந்திருந்தது.

பேட்டரி தீர்ந்துவிட்டது. நாற்பது ரூபாய் பெறுமான புதிய பேட்டரியை, நிலையத்திற்குச் செல்லும் பஸ் சத்தத்திற்கு வேண்டுமென்று யாம் வாங்காது விட்டிருந்தோம். நல்ல காலம், அதுவரை பதிந்தது கார்டில் காப்பாய் இருந்தது. முதியவரை நிறுத்த எவனுக்கும் நா எழவில்லை. நூறாம் சால்வரை அவர் பாடினார். யாம் மூவரும், கருவியின் துணையின்றி, வெறுஞ்செவியால் கேட்டுக்கொண்டு நின்றோம். ஏற்றம் இறைப்பவன் பாட்டின் பாதியைப் பாடிவிட்டு வீடு சென்றானாக, மறுபாதியைக் கேட்பதற்குக் கம்பர் மறுநாள்வரை காத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கம்பருக்கு மறுநாள் கிடைத்தது.

நடந்ததைச் சொன்னோம். "அதனாலே என்ன, திங்கட்கிழமை காலையிலே மிச்சத்தைப் பாடிட்டாப் போச்சு" என்றார் முதியவர். ஞாயிறன்று, ஓசூரிலிருக்கும் மகளுக்கு உடல்நலம் இல்லையென்று செய்தி வந்து, இரவோடிரவாகப் புறப்பட்டுவிட்டார். வேலைக்கு இனித் திரும்புவதில்லை என்றும் விடுதிக் கண்காணிப்பாளரிடம் சொல்லிச் சென்றாராம். ஐந்தாம் வாரத்திற்கு வேறு பாட்டுகளை வைத்து ஒப்பேற்றினோம். ஆறாம் வாரமே கடைசி. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தல் வேண்டும். வியாழனன்று மாலை அவரைக் கைப்பேசியில் அழைத்தோம். மகள் தேறி வருகிறாள் என்றார். மாடி வீடு, கிணறு இல்லை.

"எங்கே விட்டோம் தம்பி?"

"எழுபத்திரண்டு, தாத்தா."

சிறிதுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. துணி உலர்த்தும் கொடியைப் பற்றிக்கொண்டதாகப் பின்னர்ச் சொன்னார்.

தொலைபேசி, பேச்சுக்கென்று அமைந்தது. பழைய தொலைபேசி வழி நொடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலியையே கடத்தியது. இன்று அவ்வழி அகன்றிருப்பினும், நீட்டிப் பாடும் இசையை இரைச்சலென்று கருதிக் கைப்பேசி தானே அமுக்கிவிடுவதும் உண்டு. வட்டத்திரையும், மெத்தைக் குகையும், 48,000 அளவும், கரடித்தோலும் என்று இத்துணைக் காலம் ஆராய்ந்த யாம், அன்று கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் பதிவுக்கருவியின் முன்னே வைத்து, புதிய பேட்டரி இரண்டு போட்டு, மூச்சையடக்கி அமர்ந்திருந்தோம். எழுபத்து மூன்று வந்தது. குரலின் அடிப்பகுதி முழுதும் போய், தகரத்தில் கீறியது போல வந்தது. எண்பதில் ஒருமுறை முற்றிலும் அறுந்து, அடுத்த சாலில் மீண்டது. கப்பி இல்லை, நீர் கவிழவில்லை. இரட்டைப்படைக்குக் குரல் மாறியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

இரண்டு பகுதிகளையும் ஒட்டினோம். பின்பகுதியைத் திருத்தி அழகுசெய்ய முயலவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் நிலையத்தில் கொடுத்தோம். அம்மையார் எம்மெதிரிலேயே முழுதும் கேட்டார். கப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதி நீட்டினார்: "73 முதல் ஒலி தாழ்வு. வேறு பிரதி உண்டா?"

'இல்லை' என்று அதன்கீழ் எழுதி, மூவரும் கையொப்பமிட்டோம். ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு நூறும் ஒலிபரப்பாயின.